மோட்டார்க் கொட்டகையின் மரக்கதவு

வாசற்கதவுக்கு நம் வீடுகளில் உள்ள மரியாதை பெரிது. நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடுகிறோம். பண்டிகை நாளில் மாவிலைத் தோரணம் கட்டுகிறோம். கீல் சற்றே முனகினாலும் உடனே எண்ணெய் விடுகிறோம். அதே வீட்டின் பக்கத்தில், மோட்டார் வண்டி நிற்கும் கொட்டகைக்கும் ஒரு கதவு இருக்கிறது. அளவில் அது வாசற்கதவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வெயிலும் மழையும் புழுதியும் முதலில் தாக்குவது அதைத்தான். ஆயினும் அதற்குத் தோரணமும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. ஒரு நாள் அது திறக்க மறுக்கும்போதுதான் அப்படி ஒரு கதவு இருப்பதே நம் நினைவுக்கு வருகிறது.

ஊரில் இதைக் 'கார் ஷெட்' என்போம். வடக்கே வந்தபின் 'கராஜ்' என்கிறோம். பெயர் எதுவாயினும், அதற்கு மரக்கதவு போட விரும்பும் அன்பர்களும், வாங்கிய வீட்டோடு ஒரு பழைய மரக்கதவும் கைக்கு வந்து சேர்ந்துவிட்ட அன்பர்களும் வெளிமாநிலங்களில் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இந்தப் பேச்சு. கல்லூரியில் நாங்கள் படித்தது இலக்கியம், பிழைப்பு மொழிபெயர்ப்பு. தச்சுக் கலையைப் பற்றிப் பேச எங்களுக்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். இவ்விஷயத்தில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை நாங்கள் எங்கள் செலவிலேயே செய்து பார்த்திருக்கிறோம்.

சொந்த ஊரில் தச்சர் என்பவர் பாட்டன் காலத்திலிருந்து வீட்டுக்கு வந்துபோகிறவர். நம் தெருவில் எந்த மாதம் காற்று எப்படி வீசும், எந்தச் சுவரில் சாரல் அடிக்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நாம் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் அந்த வசதி இல்லை. தச்சருக்கு நம்மைத் தெரியாது; நமக்கு அந்த ஊர்க் காற்றைத் தெரியாது. இடையில் மொழி வேறு. கீலுக்குக் 'கப்ஜா' என்றும், நிலைக்குச் 'சௌகட்' என்றும், கரையானுக்குத் 'தீமக்' என்றும், தேக்குக்குச் 'சாக்வான்' என்றும் சொல்லக் கற்றுக்கொண்டால் தில்லியில் பாதி வேலை முடிந்துவிடும். தாழ்ப்பாளுக்கு இந்தியில் வழங்கும் சொல்லை மட்டும் வானொலியில் சொல்வதற்கில்லை. தமிழ்க் குழந்தைகள் உள்ள வீட்டில் மிஸ்திரி அந்தச் சொல்லை உச்சரித்தால் அன்று வேலை நடந்தாற்போலத்தான்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில், யமுனைக்குக் கிழக்கே நாங்கள் வாங்கிய சிறு வீட்டின் கொட்டகைக்கு இரட்டைக் கதவு போட்டோம். மரம் தேவதாரு. மே மாதம் தில்லியில் 'ஆந்தி' வீசும் காலம். புழுதி எழுந்து பட்டப்பகலை மாலைப்பொழுதாக்கிவிடும். அந்தப் புழுதி வண்டியின்மேல் படியக்கூடாது என்று எண்ணி, "பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூட இருக்கலாகாது, கதவுக்கும் நிலைக்கும் நடுவிலும் அப்படியே" என்று மிஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொன்னோம். அவர் சற்றே தயங்கினார். "மழைக்காலம் வருமே, சாகிப்" என்றார். "வரட்டும், கூரை இருக்கிறதே" என்று பதில் சொன்னோம். கூலி கொடுப்பவர் சொல்லுக்கு மறுசொல் ஏது? இருப்பதே தெரியாதபடி இடைவெளிகளை அடைத்துக் கொடுத்தார். போதாக்குறைக்குக் கதவின் பின்புறம் அமையவேண்டிய சாய்சட்டங்களின் வரைபடத்தையும் நாங்களே வரைந்து கொடுத்தோம். எங்கோ ஒரு பத்திரிகையில் பார்த்த படத்தை நினைவிலிருந்து வரைந்தது அது.

ஜூலையில் கதவு இறுகியது. மிஸ்திரியை அழைத்து விளிம்பை இழைக்கச் சொன்னோம். குளிர்காலம் கழிந்து கோடை வந்தபோது இரு கதவுகளுக்கும் இடையே விரல் நுழையும் சந்து. ஒரு கதவின் வெளி மூலையும் தாழத் தொடங்கியது. அதையும் பொருட்படுத்தவில்லை. 2014 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு 2 மணிக்கு எங்கள் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. வண்டியை எடுக்க ஓடினால் கதவு அசையவில்லை. பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன; தாழ்ந்த மூலை தரையில் ஊன்றிக்கொண்டிருந்தது. தோளால் முட்டினோம், கடப்பாரையால் நெம்பினோம். அந்த ஓசையைக் கேட்டு விழித்த எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் ஒரு வார்த்தையும் கேளாமல் தம் வண்டியை எடுத்து வந்து தாயாரை ஏற்றிக்கொண்டார். இருபது நிமிஷம் வீணாயிற்று. தாயார் பிழைத்தார். "இன்னும் சற்று முன்னரே வந்திருக்கலாம்" என்று மட்டும் மருத்துவர் சொன்னார்.

அவ்வாண்டு அக்டோபரில் கதவைக் கழற்றி மறுபடி செய்தவர் சஹாரன்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதிய தச்சர். கதவின் பின்புறத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, "இந்தப் படத்தை வரைந்தவர் யார்?" என்பதுதான். நாங்கள் மௌனம் சாதித்தோம்.

சாய்சட்டத்தின் இரகசியம் எளிது. ஆனால் அதை அறியாமல் செய்த கதவுகளை ஊரெங்கும் காணலாம். பலகைகளை நெடுக்காக அடுக்கி, பின்புறம் குறுக்குச் சட்டங்களால் இணைத்தால் கதவாகிவிடும். ஆனால் அந்தக் கதவு ஒரு பக்கம் மட்டுமே கீலில் தொங்குவது. மறுபக்கத்தின் எடை முழுவதும் அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டேயிருக்கும். அதைத் தாங்குவதற்காகவே சாய்வாக ஒரு சட்டம் வைப்பது. கீல் உள்ள பக்கத்தின் கீழ்மூலையில் அது கால் ஊன்றி, எதிர்ப்பக்கத்தின் மேல்மூலைக்கு ஏறவேண்டும். தாழப்பார்க்கும் மூலையைக் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்குவது அதன் வேலை. மாட்டுவண்டிக்கு முட்டுக்கட்டை கொடுப்பதுபோல. மாறாக, மேற்கீலிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்கும்படி வைத்தால், அந்தச் சட்டம் எடையை இழுத்துப் பிடிக்கவேண்டியதாகிறது. மரச்சட்டத்தின் முனையில் நாலைந்து ஆணிகளை நம்பி அவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் அது நாளடைவில் நெகிழும். இரும்புக் கம்பியானால் அந்தத் திசை சரி. மரத்துக்கு அது சரியன்று.

சோதித்துப் பார்க்க ஒரு வழியை அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். இரட்டைக் கதவை மூடிவிட்டு உட்புறமிருந்து பாருங்கள். இரண்டு சாய்சட்டங்களும் சேர்ந்து வீட்டுக் கூரையின் முகடுபோல் நடுவில் உயர்ந்து கூடினால் கதவு சரியாகச் செய்யப்பட்டது. எண்ணெய் ஊற்றும் புனல்போல் நடுவில் தாழ்ந்து கூடினால் அது எங்கள் வரைபடம்.

எடை என்றோமே, அது எவ்வளவு என்று பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1.2 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் 35 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு தேக்குக் கதவு, இரட்டையில் ஒன்று மட்டும், ஏறத்தாழ 57 கிலோ வரும். ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. அந்த மூட்டையை விளிம்பில் பிடித்து இரவும் பகலும் தொங்கவிடுகிறோம் என்று கொள்ளுங்கள். ஆகவே சிறு கீல்கள் பயன்படா. கதவின் குறுக்கே நீண்டு செல்லும் பட்டைக் கீல்கள் மூன்று வேண்டும். மேற்கீலைத் திருகாணியால் மட்டும் பிணைக்காமல், மரத்தை ஊடுருவிச் செல்லும் போல்ட்டும் மரையும் போட்டு முடுக்கவேண்டும்; ஏனெனில் கதவு நிலையிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்ப்பது மேற்கீலில்தான். மேற்கீலின் திருகாணிகள் ஆட்டங்கண்டால் அன்றே கவனியுங்கள். அந்தக் கதவின் கீழ்தான் குழந்தைகள் பந்து பொறுக்க ஓடுகிறார்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். டேராடூனில் 1906-இல் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் இந்நாட்டு மரங்களின் எடை, வலிமை, சுருக்கம், உழைப்பு ஆகியவற்றையெல்லாம் அளந்து எழுதிவைத்திருக்கிறது. அவற்றில் நமக்கு வேண்டியது சிறிதளவே. வெயிலிலும் மழையிலும் நிற்கும் பெரிய கதவுக்குத் தேக்கை மிஞ்சிய மரம் இல்லை. அது குறைவாகவே சுருங்கிப் பருக்கும். கரையானும் அதன் வைரத்தை எளிதில் தொடாது. விலைதான் கையைக் கடிக்கும். இமயமலைச் சாரலின் தேவதாரு அதற்கு அடுத்தபடி. இலேசானது, மணமுள்ளது, தன் எண்ணெயால் தன்னையே காத்துக்கொள்வது. அதன் கணுக்களில் பிசின் கசியும். வண்ணம் பூசுமுன் கணுக்களின்மேல் அரக்குக் கரைசலைத் தடவாவிட்டால் பூச்சின்மேல் மஞ்சள் திட்டுகள் எழும். எங்கள் முதற்கதவுக்கு நேர்ந்த துன்பத்தில் தேவதாருவின் குற்றம் எதுவும் இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். சால் மரம் இரும்புபோல் உழைக்கும். ஆனால் தேக்கைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை, உலரும்போது வெடிப்பும் விடும். நிலைக்கு அது நன்று. அகன்ற கதவுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மாமரத்தையும் சாதாரணப் பைன் மரத்தையும் மலிவென்று வாங்குவோர், மருந்தேற்றியதைக் கேட்டு வாங்கவேண்டும். ஒட்டுப்பலகையானால் பி.டபிள்யூ.பி. என்று முத்திரையிட்டதை, அதாவது கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டியதை, வாங்கவேண்டும். அறைகளுக்குள் போடும் பலகை முதல் மழையிலேயே ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

மரத்தின் பெயரைக் கேட்டதோடு நிறைவடைந்துவிடக் கூடாது. தேக்கிலும் உள்ளே இருப்பது வைரம், வெளியே இருப்பது வெளிறு. வைரம் பழுப்பாக இருக்கும். வெளிறு வெண்மையாக இருக்கும். கரையானும் உளுவும் வெளிறைத் தின்னும்போது அது தேக்கா மாவா என்று பார்ப்பதில்லை. கீர்த்தி நகர் மரச்சந்தையில் ஆனாலும் சரி, வேறு எந்த ஊரில் ஆனாலும் சரி, பலகையின் இரு பக்கங்களையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஓடினால் அதை வெட்டி நீக்கிய பிறகு அளவு போடச் சொல்லுங்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அது ஈரம். வெட்டிப் பலகையாக்கிய பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. ஈரம் ஏறினால் பருக்கும், இறங்கினால் சுருங்கும். நீளவாட்டில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு, அகலவாட்டில்தான் வம்பு. தில்லியில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். ஆகஸ்டில் 70-ஐத் தாண்டும். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்குப் பலகை இந்த மாற்றத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருக்கலாம். ஒன்றுதானே என்று நினைக்கவேண்டாம். ஒரு கதவில் அப்படிப்பட்ட பலகைகள் பன்னிரண்டு. அவை அனைத்தும் நெருக்கமாக இருந்தால் கதவு ஓர் அங்குலத்தில் பாதி அகன்றுவிடும். நிலை அகலுமா? கதவுதான் இறுகும். தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்த நமக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. அங்கே காற்றில் ஆண்டு முழுவதும் ஓரளவு ஈரம் உண்டு. மரம் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. ஜெய்ப்பூர், நாகபுரி, தில்லி போன்ற ஊர்களில் மரம் கோடையில் எலும்பாகவும் மழையில் ஊறிய பயறாகவும் ஆகிறது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள அன்பர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு குறைவு. ஆனால் மக்கிப்போகும் அபாயம் மிகுதி.

ஆகையால் உலர்ந்த மரம் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பலாகாது. ஊசிகளை அழுத்திப் பார்க்கும் சிறு ஈரமானிகள் இப்போது கிடைக்கின்றன. அது இல்லாவிட்டாலும் சமையலறைத் தராசு போதும். பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடை பாருங்கள். பிறகு 100 டிகிரிச் சூட்டில் கேக் அடுப்பில் வைத்து, எடை மேலும் குறையாத வரையில் உலர்த்துங்கள். முதலில் 112 கிராமும் கடைசியில் 100 கிராமும் இருந்தால் ஈரம் 12 விழுக்காடு. வட இந்தியாவின் உள்நாட்டு நகரங்களுக்கு 10 முதல் 12 விழுக்காடு வரை பொருந்தும். கடற்கரை நகரங்களுக்கு 14 முதல் 16 வரை இருக்கலாம். 20-க்கு மேல் இருந்தால் அந்த மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, நிழலில் கட்டைகள் வைத்து, பலகைகளுக்கு இடையே காற்றுப் புகும்படி அடுக்கிச் சில மாதங்கள் காத்திருப்பதே நலம்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கதவு எந்த மாதத்தில் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே இடைவெளியின் அளவைத் தீர்மானிக்கவேண்டும். கோடையில் செய்யும் கதவு மேலும் பருக்கப்போவது. ஆகவே தாராளமாக இடம் விடவேண்டும். மழைக்காலத்தில் செய்வது சுருங்கப்போவது. ஆகவே ஒட்டினாற்போல் வைக்கலாம். பலகைகளின் ஓரத்தில் ஒன்றில் நாக்கும் அடுத்ததில் காடியும் எடுத்து, நாக்கு காடிக்குள் பாதி தூரம் மட்டும் செல்லும்படி பொருத்தினால், பலகைகள் பருத்தாலும் சுருங்கினாலும் சந்து வெளியே தெரியாது. புழுதியும் உள்ளே வராது. நாங்கள் மிஸ்திரியிடம் கேட்டிருக்கவேண்டியது இதுதான். நாக்கையும் காடியையும் பசை போட்டு ஒட்டிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சில தச்சர்கள் அன்பு மிகுதியால் ஒட்டிவிடுகிறார்கள்.

கதவு செத்துப்போகத் தொடங்குவது எப்போதும் காலிலிருந்துதான். மேலே பார்த்தால் பளபளவென்றிருக்கும்; கீழே கடைசி நான்கு அங்குலம் பஞ்சாகிவிட்டிருக்கும். மரத்தின் பக்கங்களைவிட அதன் வெட்டுமுனை பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். நெடுக்காக அடுக்கிய பலகைகளின் வெட்டுமுனைகள் எல்லாம் கதவின் அடிவிளிம்பில்தான் இருக்கின்றன. ஆனால் பெயிண்டர் வருவது கதவைத் தொங்கவிட்ட பிறகு. அவருடைய தூரிகை அடிவிளிம்புக்கு எட்டாது. எட்டினாலும் அவர் குனியமாட்டார். எனவே கதவைத் தொங்கவிடுமுன்பே, தரையில் கிடக்கும்போது, அடிவிளிம்புக்கு மூன்று முறை பூச்சுக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்கனவே தொங்கும் கதவானால், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் அடியைப் பாருங்கள். பெரும்பாலும் பச்சை மரமே தெரியும்.

இதில் நம்மவர் வீடுகளுக்கு மட்டுமே உரிய ஒரு காரணமும் உண்டு. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் வழக்கத்தை எந்த ஊருக்குப் போனாலும் நாம் விடுவதில்லை, விடவும் வேண்டாம். ஆனால் கொட்டகையின் முகப்பும் வாசலோடு சேர்ந்திருக்கும் வீடுகளில், வாளியிலிருந்து வீசும் நீர் ஆண்டுக்கு 365 நாளும் கதவின் காலில் படுகிறது. பருவமழை மூன்று மாதம். நம் வாளி பன்னிரண்டு மாதம். கதவுக்கும் தரைக்கும் இடையே அரை அங்குலம் விட்டு, தரையை வெளிப்பக்கம் சரிவாகப் பூசி, கதவின் வெளிப்புற அடியில் நீரை வெளியே தள்ளும் சாய்ந்த மரச்சட்டம் ஒன்றை அறைந்துவிட்டால் கோலமும் வாழும், கதவும் வாழும். சிலர் அடியில் தகரம் அடிக்கிறார்கள். தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவே புகும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று மரத்தை மக்கச்செய்யும். தகரம் மினுங்கிக்கொண்டிருக்கும், உள்ளே மரம் இராது.

பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்ணமோ வார்னிஷோ எதுவாயினும் உட்புறம், வெளிப்புறம், நான்கு விளிம்புகள் ஆகிய ஆறு முகங்களுக்கும் இருக்கவேண்டும். ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால் மறுமுகம் மட்டும் ஈரம் குடித்துக் கதவு வளையும். மேற்குப் பார்த்த கதவுக்குத் தெளிந்த வார்னிஷ் அழகாயிருந்தாலும் இரண்டு கோடைக்கு மேல் தாங்குவது அரிது. வண்ணம் அதைவிட நீண்ட நாள் நிற்கும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகளை விரிவாகவே சொல்லியாகவேண்டும்.

ஒன்று, பழைய கதவைத் தேய்ப்பது பற்றியது. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற அளவைத் தாண்டக்கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய அடுக்குகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அது நுண்தூளாகப் பறந்து குழந்தைகளின் கையிலும் வாயிலும் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பெருங்கேடு. நீர்த்தாளை நனைத்துத் தேய்க்கவும். முகமூடி அணியவும். தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவும். அன்று குழந்தைகளை வேறெங்காவது அனுப்பிவிடவும்.

மற்றொன்று, ஆளிவிதை எண்ணெய் பற்றியது. மரத்துக்கு எண்ணெய் ஊட்டிய துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடுவது நம் இயல்பு. இந்த எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கி, தீக்குச்சியின் உதவியின்றித் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டி நிற்கும் கொட்டகையில் இதைவிடக் கொடியது வேறில்லை. துணிகளை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தவும், அல்லது நீரில் அமிழ்த்தி வைக்கவும்.

கரையான் கதவில் ஏறுவதில்லை. நிலையில் ஏறிக் கதவுக்குத் தாவுகிறது. நிலையின் அடியை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேலோ காங்கிரீட்டின்மேலோ நிறுத்தவேண்டும். சுவரோரம் விரல் கனத்தில் மண் கோடு ஏறினால் அதைக் கலைத்துவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணலாகாது. ஒரு திருப்புளியின் முனையால் நிலையைக் குத்திப் பாருங்கள். 'டொக்' என்று கேட்டால் நலம், பொதுக்கென்று இறங்கினால் ஆளை அழையுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது சில நாளைக்கு மட்டுமே. முன்காலத்தில் தெளித்துவந்த ஆல்ட்ரின், குளோர்டேன் ஆகிய மருந்துகள் இன்று தடைசெய்யப்பட்டவை; மருந்தடிக்க வருபவரிடம் டப்பாவின் பெயரைக் கேட்டறிவது நம் உரிமை.

காற்றுக்கும் ஒரு வழி வேண்டும். கதவின் மேற்பகுதியிலும் அடிப்பகுதியிலும் சாய்பலகைச் சாளரங்கள் வைத்தால் மரமும் உலர்ந்திருக்கும், மனிதருக்கும் காப்பாகும். வடநாட்டுக் குளிர்காலத்தில், விடியலில் கதவை மூடியபடியே இஞ்சினை ஓட்டிச் சூடேற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வருவதற்குள் எழுந்து வெளியே போகும் வலுவும் போய்விடும். சாளரம் இருப்பது மட்டும் இதற்குப் போதாது. கதவை முழுதும் திறந்து, வண்டியை வெளியே எடுத்த பின்னரே இஞ்சினைச் சூடேற்றவேண்டும். திறந்த கதவுகளைச் சுவரோடு மாட்டிவைக்கக் கொக்கிகளும் அவசியம். ஆந்தியில் அறைந்து மூடும் 57 கிலோக் கதவு வண்டியின் கண்ணாடியையும் உடைக்கும், கையையும் உடைக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இரும்புச் சுருள்கதவு போட்டுவிடலாமே என்று அன்பர்கள் கேட்கலாம். மழைநீர் முழங்கால் வரை தேங்கும் தெருவானால் போட்டுவிடுங்கள். அங்கே மரத்துக்கு வாதாட எங்களால் முடியாது. கரையான் ஓயாத மண்ணிலும் அப்படியே. மற்ற இடங்களில் மரம் வெயிலைத் தடுக்கிறது, ஓசையை அடக்குகிறது. ஒரு பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். இரும்புக்கும் துருவும் கிரீஸும் உண்டு. தொல்லையில்லாத கதவை எங்கள் தெருவில் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

2014-இல் அந்தப் பெரியவர் செய்து கொடுத்த கதவு இன்றும் இருக்கிறது. அடிவிளிம்புக்கு இரண்டு முறையும் மற்ற முகங்களுக்கு இருமுறையும் மறுபூச்சுக் கொடுத்திருக்கிறோம். ஒரு பலகையை மாற்றியிருக்கிறோம். மேற்கீலின் போல்ட்டை ஆண்டுக்கு ஒரு முறை முடுக்குகிறோம். வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் ஜூன் மாதம் மூன்றாம் வாரத்தில், பருவமழை தில்லியை எட்டுமுன், ஒரு சோதனை மட்டும் தவறாமல் நடக்கும். இரண்டு ரூபாய் நாணயங்கள் இரண்டை ஒட்டிவைத்து, மூடிய கதவுகளின் நடுச்சந்தில் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்ப்போம். எங்கும் தடைப்படாமல் ஓடினால் ஆகஸ்டில் கதவு திறக்கும். எங்கேனும் சிக்கினால் அந்த இடத்தில் இழைப்புளிக்கு வேலை. இழைத்த இடத்துக்கு அன்றே பூச்சு. தாயார் முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "காசு நுழையுதா?" என்று கேட்பார். நுழைகிறது என்று நாங்கள் சொன்ன பிறகுதான் எழுந்து உள்ளே போவார்.